நான்கு போல்ட்டில் தொங்கும் உயிர்

காருக்குள் ஏறி உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கிறது. என்ன செய்வது?

கடலூரிலும் சிதம்பரத்திலும் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்க அதிக நேரம் ஆகாது. "அண்ணே, சீட்டை ரெண்டு இன்ச் இறக்கணும்." "இறக்கிடலாம் தம்பி. வண்டிய விட்டுட்டுப் போ, சாயங்காலம் வா." அவ்வளவுதான். சாயங்காலம் போனால் சீட் இறங்கியிருக்கும். இரும்புப் பட்டையை வெட்டி, வளைத்து, நான்கு துளை போட்டு, கறுப்புப் பெயிண்ட் அடித்த பிராக்கெட் சீட்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும். செலவு சில நூறு ரூபாய். தலை இடிக்காது. கால் நீட்டி, ரேஸ் காரில் உட்கார்ந்த மாதிரி ஓட்டலாம்!

இதில் என்ன தப்பு? இறக்குவது தப்பில்லை. இறக்கிய பிராக்கெட் எவ்வளவு தாங்கும் என்று இழுத்துப் பார்க்காமல் வண்டியை எடுத்துப் போவதுதான் தப்பு. வாங்குபவர் கேட்பதில்லை, செய்பவர் சொல்வதில்லை, சட்டத்திலும் அதற்கு நேரான பதில் இல்லை. இந்த மூன்று மௌனங்களின் மேல்தான் ஒரு மனிதர் உட்கார்ந்து புதுச்சேரி சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறார்.

எதற்காக இறக்குகிறார்கள்?

தேவைக்காக இறக்குபவர்கள் உண்டு. 1989-ல் ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் எம்.எக்ஸ்-5 என்ற இரண்டு பேர் உட்காரும் சின்ன ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டது. உலகம் முழுக்க விற்றது. ஆனால் ஆறடிக்கு மேல் இருப்பவர்கள் அதில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக முன் கண்ணாடியின் மேல் சட்டம் வந்து நிற்கும். பந்தயத்துக்கு ஹெல்மெட் போட்டால் கூரை இடிக்கும். அதனால் சிலர் சீட்டின் நுரையை அறுத்து எடுத்தார்கள். சிலர் சீட் முன்னும் பின்னும் நகரும் தண்டவாளத்தையே கழற்றிவிட்டு, வீட்டு கேரேஜில் செய்த பிராக்கெட்டில் சீட்டை மாட்டினார்கள். அவர்களுக்கு அது ஆடம்பரமில்லை. அதைச் செய்யாவிட்டால் அந்தக் காரை ஓட்டவே முடியாது.

தோற்றத்துக்காக இறக்குபவர்களும் உண்டு. நம் பக்கம் இவர்கள்தான் அதிகம். ஸ்விஃப்ட்டோ போலோவோ வைத்திருப்பவருக்குத் தலை இடிப்பதில்லை. ஆனாலும் தாழ்ந்து உட்கார்ந்தால்தான் 'கெத்து'! கேட்டால், "சீட் இறங்கினா சென்டர் ஆஃப் கிராவிட்டி இறங்கும், வளைவுல வண்டி ஒட்டிக்கிட்டுப் போகும்" என்று பதில் வரும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காரின் எடை 1000 கிலோ. ஓட்டுநர் 70 கிலோ. அவரை 3 சென்டிமீட்டர் இறக்கினால் மொத்த ஈர்ப்பு மையம் எவ்வளவு இறங்கும்? 70-ஐ 30 மில்லிமீட்டரால் பெருக்கி 1070-ஆல் வகுத்தால், ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். ஒரு தீக்குச்சியின் கனம்! நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குப் போட்டி போடும் பந்தயத்தில் அதற்கு மதிப்பு உண்டு. பரங்கிப்பேட்டை திருப்பத்தில் அதற்கு என்ன மதிப்பு?

இறக்கினால் கிடைப்பது அந்த 2 மில்லிமீட்டர். இழப்பது வேறு ஒன்று. கண் தரையிலிருந்து 115 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகவும், பானட்டின் உயரமான விளிம்பு 95 சென்டிமீட்டர் உயரத்தில் கண்ணுக்கு 160 சென்டிமீட்டர் முன்னால் இருப்பதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநருக்குத் தரை தெரியத் தொடங்குவது கண்ணிலிருந்து 9.2 மீட்டரில். கண்ணை 3 சென்டிமீட்டர் இறக்கினால் அது 10.5 மீட்டராகிவிடும். ஒரு மீட்டருக்கும் அதிகமான தரை மறைந்து போகிறது. சிதம்பரம் கீழவீதியில் ஒரு மீட்டர் என்பது சும்மா இல்லை. பூ விற்கும் கூடை, தவழ்ந்து வரும் குழந்தை, படுத்திருக்கும் ஆடு, எல்லாம் அதற்குள் அடங்கும்.

சீட் என்பது நாற்காலியா?

பலரும் சீட்டை ஒரு நாற்காலி என்றுதான் நினைக்கிறார்கள். குஷன், கவர், உட்கார வசதி. பட்டறையிலும் அப்படித்தான். "ஆள் ஏறி உட்கார்ந்து குலுக்கிப் பாருங்க, அசையவே இல்ல பாருங்க" என்பதுதான் அங்கே நடக்கும் ஒரே சோதனை. 70 கிலோ ஆள் குலுக்கினால் 100 கிலோ விசை வரும். அதை ஒரு மர ஸ்டூல்கூடத் தாங்கும்.

விபத்தில் என்ன நடக்கிறது? மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 13.9 மீட்டர். மரத்தில் மோதி பத்தில் ஒரு நொடியில் வண்டி நின்றால், புவியீர்ப்பைப் போல் 14 மடங்கு வேகக்குறைவு. 70 கிலோ மனிதர் அந்தக் கணத்தில் கிட்டத்தட்ட ஒரு டன் சுமையாக முன்னால் பாய்கிறார். 15 கிலோ சீட்டும் 200 கிலோவுக்கு மேல் இழுக்கும். இதுவும் சராசரிக் கணக்குதான். உச்ச விசை இதைவிட அதிகம்.

இந்தச் சுமையைத் தாங்குவது சீட் பெல்ட்தானே, பிராக்கெட்டுக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். இங்கேதான் சூட்சுமம். 1959-ல் வால்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின் வடிவமைத்த மூன்று முனை பெல்ட்தான் இன்று எல்லாக் கார்களிலும் இருக்கிறது. அதன் ஒரு முனை, அதாவது 'கிளிக்' என்று மாட்டும் பக்கிள், இன்றைய பெரும்பாலான கார்களில் தரையில் இல்லை. சீட்டிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. ஆள் பாய்வதைத் தடுக்கும் விசையில் பெரும் பங்கு பக்கிள் வழியாகச் சீட்டுக்கும், சீட்டிலிருந்து பிராக்கெட்டுக்கும், பிராக்கெட்டிலிருந்து நான்கு போல்ட்டுக்கும் போகிறது. பிராக்கெட் கிழிந்தால் பெல்ட்டும் போச்சு!

அதனால்தான் ஐ.நா.வின் வாகன விதிகள் சீட் பொருத்தும் இடங்கள் 20 மடங்கு புவியீர்ப்பைத் தாங்க வேண்டும் என்கின்றன. பெல்ட் முனைகளைச் சோதிக்கும்போது தோள் பகுதியையும் இடுப்புப் பகுதியையும் தனித்தனியே 1350 டெக்கா நியூட்டன், அதாவது 1375 கிலோவுக்குச் சமமான விசையில் இழுக்கிறார்கள். பக்கிள் சீட்டில் இருந்தால் சீட் எடையைப் போல் 20 மடங்கையும் சேர்த்து இழுக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் தயாரான பட்டைக்கு இந்தச் சோதனை எங்கே நடந்தது?

பட்டறையில் நடக்கும் பிழைகள்

லேத் பட்டறைக்காரர்களைக் குறை சொல்வது எளிது. அது நியாயமில்லை. கடலூர் ஓ.டி. துறைமுகத்துப் படகு எஞ்சினுக்குப் பாகம் கடைந்து கொடுக்கும் கை சாதாரணக் கை இல்லை. அவர்கள் செய்யும் ஷாஃப்டை நம்பித்தான் ஆட்கள் கடலுக்குப் போகிறார்கள். திறமையில் குறையில்லை, தகவலில்தான் குறை. திரும்பத் திரும்ப நடக்கும் பிழைகள் நான்கு.

முதலாவது, போல்ட். போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருந்தால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை தாங்கும். 8 மில்லிமீட்டர் போல்ட் ஒன்று ஏறத்தாழ 3000 கிலோ இழுவிசையில்தான் அறும். 4.6 தரத்தில் அதே அளவு போல்ட் 1500 கிலோவிலேயே அறுந்துவிடும். எண்ணே இல்லாத போல்ட் எப்போது அறும் என்று யாருக்கும் தெரியாது. "எவர்சில்வர் போல்ட் போட்டிருக்கேன், துரு பிடிக்காது" என்று பெருமையாகச் சொல்வார்கள். துரு பிடிக்காதுதான். ஆனால் கடைகளில் கிடைக்கும் சாதாரண எவர்சில்வர் போல்ட்டின் பலம் 8.8-ஐ விடக் குறைவு.

இரண்டாவது, தரை. காரின் தரைத் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கம்பெனி போட்ட துளைக்கு அடியில் கனத் தகடும் வெல்டிங் செய்த நட்டும் இருக்கும். அந்த இடத்தை விட்டுவிட்டு வசதியான இடத்தில் புதுத் துளை போட்டு, அடியில் ஒரு சின்ன வாஷரை வைத்து முறுக்கினால், மோதும்போது போல்ட் அறாது. தகட்டைக் கிழித்துக்கொண்டு வாஷரோடு மேலே வந்துவிடும்.

மூன்றாவது, பெல்ட்டின் கோணம். பக்கிள் தரையில் இருக்கும் பழைய கார்களில் சீட்டை மட்டும் இறக்கினால், இடுப்பு எலும்பில் படிய வேண்டிய பட்டை வயிற்றுக்கு ஏறிவிடும். மோதும்போது ஆள் பட்டைக்கு அடியில் வழுக்கிப் போவார். எலும்பு தாங்க வேண்டிய அடியைக் குடல் தாங்கும். தோள் பட்டையும் கழுத்துப் பக்கம் நகரும்.

நான்காவது, மின்கம்பிகள். இப்போதைய கார்களின் சீட்டுக்கு அடியில் பெல்ட் சென்சார் இருக்கிறது. சில கார்களில் சீட்டின் பக்கவாட்டிலேயே ஏர்பேக் இருக்கிறது. பேட்டரியைக் கழற்றாமல் அந்த மஞ்சள் நிறக் கனெக்டரைப் பிடுங்கினால் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரியும். அந்த விளக்கை 'ஆஃப்' செய்து தருவதற்கும் ஆள் உண்டு! முன்பக்க ஏர்பேக் கூட ஒரு குறிப்பிட்ட உயரத்தில் தலையும் நெஞ்சும் இருக்கும் என்ற கணக்கில்தான் விரிகிறது. ஸ்டியரிங்குக்கும் நெஞ்சுக்கும் 25 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. தண்டவாளத்தைக் கழற்றி ஒரே இடத்தில் மாட்டிய சீட்டில் தம்பி உட்கார்ந்தால் சரியாக இருக்கும். அதே காரை அம்மா எடுத்தால்?

வீட்டில் செய்தது என்றால் மட்டமா?

இல்லவே இல்லை. தமிழ்நாட்டுக் கார் பந்தய வரலாறே பட்டறையில் பிறந்ததுதான். சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில், கோவை எஸ். கரிவரதன் தன் பட்டறையிலேயே பந்தயக் கார்களைச் செய்தார். மாருதி 800 எஞ்சினை வைத்து அவர் உருவாக்கிய ஒற்றை இருக்கைக் கார்களில் இளைஞர்கள் பந்தயம் பழகினார்கள். 2005-ல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியதும் ஃபார்முலா மாருதிதான். 1995-ல் விமான விபத்தில் மறைந்த கரிவரதனின் பெயரில்தான் கோவை செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் இன்றும் இருக்கிறது. கையால் செய்தது மட்டம் என்றால் இதெல்லாம் நடந்திருக்குமா?

பந்தய உலகம் வீட்டில் செய்த பிராக்கெட்டைத் தடை செய்யவில்லை. அளவு சொல்லிவிட்டது. உலகக் கார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதிநூலில் 253ஆம் பிரிவு பல ஆண்டுகளாகச் சொல்லி வருவது இதுதான்: கம்பெனிப் பொருத்தத்தை மாற்றினால் சீட் ஒன்றுக்குக் குறைந்தது நான்கு இடத்தில் பொருத்த வேண்டும். போல்ட் 8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. தரைக்கு அடியில் எதிர்த்தகடு வேண்டும். ஒவ்வொரு பொருத்தத்திலும் 40 சதுர சென்டிமீட்டர் பரப்பாவது படிய வேண்டும். தகட்டின் கனம் எஃகு என்றால் 3 மில்லிமீட்டர், அலுமினியம் போன்ற லேசான உலோகம் என்றால் 5 மில்லிமீட்டர்.

பொறியியல் மாணவர்கள் தாங்களே கார் செய்து ஓட்டும் ஃபார்முலா ஸ்டூடண்ட் போட்டிகளிலும் இப்படித்தான். ஓட்டுநரின் ஹெல்மெட்டுக்கும், முன் வளையத்தையும் பின் வளையத்தையும் இணைக்கும் கற்பனைக் கோட்டுக்கும் நடுவே 5 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். அங்கே சீட்டை இறக்குவதே பாதுகாப்புக்காகத்தான்! இருபது வயது மாணவர்கள் செய்த பிராக்கெட்டைத் தட்டிப் பார்த்து, அளந்து, கேள்வி கேட்டுத்தான் தடத்தில் விடுகிறார்கள்.

ஆக, வித்தியாசம் கம்பெனிக்கும் வீட்டுக்கும் இடையில் இல்லை. அளந்ததற்கும் அளக்காததற்கும் இடையில்தான்.

சட்டமும் காப்பீடும்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

கேட்கக் கடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் எத்தனை பேர் உட்காரலாம் என்று இருக்கும், சீட் எத்தனை சென்டிமீட்டர் உயரம் என்று இருக்காது. வண்டியின் நிறத்தை மாற்றினால் பளிச்சென்று மாட்டிக்கொள்வார். சீட்டின் நான்கு போல்ட்டை மாற்றினால் யாரும் குனிந்து பார்க்க மாட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லாதது கண்ணில் படுகிறது, ஆபத்தானது படுவதில்லை. இதுதான் இன்றைய நிலைமை.

போலீஸ் பார்க்காததைக் காப்பீட்டு நிறுவனம் பார்க்கும். வணிகவியல் வகுப்பில் காப்பீட்டுப் பாடத்தின் முதல் கோட்பாடே இருதரப்பும் எதையும் மறைக்காத முழு நல்லெண்ணம்தான். வண்டியில் செய்த மாற்றத்தைச் சொல்லாமல் பாலிசி எடுத்தவர், விபத்துக்குப் பிறகு சொந்தச் சேதத்துக்குப் பணம் கேட்டால், மறுக்கவோ குறைக்கவோ நிறுவனத்துக்குக் காரணம் கிடைத்துவிடும். சில நூறு ரூபாய் பிராக்கெட்டின் உண்மையான அடக்கவிலை அப்போதுதான் தெரியும். கணக்கேட்டில் எழுதாத செலவுதான் எப்போதும் பெரிய செலவு.

என்ன செய்யலாம்?

"தடை செய்" என்பது சோம்பேறித்தனமான பதில். தடை செய்தால் வேலை நிற்காது. பட்டறையின் முன் ஷட்டரிலிருந்து பின்கதவுக்குப் போகும், அவ்வளவுதான்.

சட்டத்திலேயே ஒரு வாசல் திறந்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் தங்களுக்கு ஏற்றபடி வண்டியை மாற்றிக்கொள்ள 52ஆம் பிரிவு வழி விடுகிறது. உடலுக்கு ஏற்ப வண்டி மாறலாம் என்ற கொள்கையை அரசு ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டது. ஆறடி இரண்டு அங்குல உயரமும் உடல்தானே? அந்த வாசலை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறக்கலாம்.

சோதிக்க எங்கே போவது? புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ. இருக்கிறது, சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் ஜி.ஏ.ஆர்.சி. இருக்கிறது. அவை கம்பெனிகளுக்கானவை. ஒரு பிராக்கெட்டுக்காக ஒருவர் அங்கே போக முடியாது. ஆனால் இரும்பை இழுத்து எவ்வளவில் அறுகிறது என்று காட்டும் யு.டி.எம். இயந்திரம் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் சாதாரணமாக இருப்பது. சிதம்பரத்தில் 1929-லிருந்து இயங்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் புலம் உண்டு. கடலூர் மாவட்டத்தில் பாலிடெக்னிக்குகளும் ஐ.டி.ஐ.களும் உண்டு. ஆண்டுதோறும் மாணவர்கள் 'புராஜெக்ட்' தேடி அலைகிறார்கள். பக்கத்துத் தெருப் பட்டறையில் செய்த பிராக்கெட்டை வாங்கி இழுத்துப் பார்ப்பதைவிட உருப்படியான புராஜெக்ட் என்ன இருக்க முடியும்?

மூன்று நான்கு பிரபலமான கார்களுக்கு ஒரு வரைபடம். இந்தக் கனம், இந்த போல்ட், இந்தத் துளை, இந்த வெல்டிங் என்று தமிழில் ஒரு தாள். அதை ஆர்.டி.ஓ. அலுவலகம் ஏற்றுக்கொண்டு, அதன்படி செய்த வேலையை மட்டும் பதிவு செய்யட்டும். பட்டறைக்காரருக்கு வேலையும் போகாது, பயமும் இருக்காது. வாடிக்கையாளருக்குக் காப்பீடு நிற்கும்.

அதுவரை, இறக்கியே தீர வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் சீட்டின் உயரத்தை மாற்றும் லீவர் இருக்கிறதா என்று பார்க்கலாம். இருந்தும் தெரியாமல் ஓட்டுபவர்கள் ஏராளம்! அடுத்து, முதுகுச் சாய்மானத்தை ஒரு படி மாற்றிப் பார்க்கலாம். பிறகு, சீட்டில் சென்சாரோ ஏர்பேக்கோ இல்லாத பட்சத்தில், விவரம் தெரிந்த ஆளை வைத்து அடிப்பக்க நுரையைக் கொஞ்சம் குறைக்கலாம். இரும்பு அறுப்பது கடைசி. அந்தக் கடைசியிலும் கம்பெனித் துளையை விட்டு நகரக் கூடாது, எண் இல்லாத போல்ட் கூடாது, பக்கிளின் இடத்தைக் கவனிக்காமல் சீட்டை மட்டும் இறக்கக் கூடாது. தலை இடிக்காமலேயே தோற்றத்துக்காக இறக்க நினைப்பவர், அந்தத் தீக்குச்சிக் கணக்கை இன்னொரு முறை போட்டுப் பார்ப்பது நல்லது.

சிதம்பரத்தில் ஆனியிலும் மார்கழியிலும் தேர் ஓடுகிறது. ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிக்கிறார்கள். எல்லோரும் அண்ணாந்து மேலே இருக்கும் அலங்காரத்தைப் பார்க்கிறார்கள். ஆனால் சக்கரத்துக்கு அருகில், முட்டுக்கட்டையோடு சில பேர் குனிந்தே நடப்பார்கள். அவர்கள் மேலே பார்ப்பதில்லை. அவர்கள் கண் சக்கரத்திலும் அச்சிலும்தான். அவர்கள் குனிந்திருப்பதால்தான் மற்றவர்கள் நிமிர்ந்து கும்பிட முடிகிறது.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. இன்றைய தேருக்கு அச்சாணி சீட்டுக்கு அடியில் இருக்கும் அந்த நான்கு போல்ட். ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு உட்காருங்கள்!